கட்டடத்தை எடை போட்ட வருடம்

இரண்டாயிரங்களின் பிற்பாதியில் ஓசூரில் யாரிடமாவது "கிரீன் பில்டிங் வேலைக்குப் போகிறேன்" என்று சொன்னால் உடனே ரோஜாப்பூ கேட்பார்கள். ஊரைச் சுற்றிலும் பிளாஸ்டிக் கூரை போட்ட ரோஜாத் தோட்டங்கள் இருந்தன. அவற்றுக்குப் பெயர் கிரீன் ஹவுஸ். கிரீன் ஹவுஸ் வேறு, கிரீன் பில்டிங் வேறு என்று எங்கள் வீட்டு ஓனரம்மாவுக்கு மூன்று முறை விளக்கியிருக்கிறேன். அவர் தெலுங்குக்காரர். தமிழில் பேசும்போதும் முகத்தில் தெலுங்குதான் இருக்கும்.

"அது பூ இல்லீங்க, கட்டடம்" என்பேன்.

"கட்டடம்னா சிமெண்டு கலர்தான இருக்கும்? அதுக்கு எதுக்கு கிரீன்னு பேரு?" என்று கேட்டுவிட்டு, "சரி, நோம்புக்கு ஒரு கட்டு மட்டும் கொண்டா" என்று முடிப்பார். கடைசியில் நான் பஸ் ஸ்டாண்டில் ஒரு கட்டு வாங்கிக் கொடுத்துவிட்டேன். அது எளிதாக இருந்தது. அதற்குப் பிறகு தெருவில் எல்லோருக்கும் நான் ரோஜாத் தோட்டத்து மேடம்தான்.

என் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். சிவில் இன்ஜினியரிங் படித்து முடித்த கையோடு கல்யாணம். கணவருக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. மகள் யு.கே.ஜி. சேர்ந்ததும் பகலில் வீட்டில் நானும் மிக்ஸியும் மட்டும் மிஞ்சினோம். அந்தச் சமயத்தில் கூடப் படித்த தோழி ஒருத்தி பெங்களூரிலிருந்து போன் செய்தாள். அவள் வேலை செய்யும் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் பகுதி நேரமாக வேலை செய்ய ஓர் ஆள் வேண்டும், வாரத்துக்கு மூன்று நாள், அதுவும் அரை நாள் என்றாள். நான் அன்றைக்கே புடவைக்கு இஸ்திரி போட்டேன்.

நேர்காணல் செய்தவர் ஒரு பேராசிரியை. ஐம்பது வயது இருக்கும். கன்னடம் கலந்த பெங்களூர்த் தமிழில் பேசினார். என் மதிப்பெண் பட்டியலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"நீ இருக்கற வீடு எத்தனை கிலோ இருக்கும்?"

"அது வாடகை வீடு மேடம்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. குனிந்து ஏதோ எழுதிக்கொண்டார். வேலை போயிற்று என்று நினைத்தேன். ஆனால் கிடைத்துவிட்டது. அந்தப் பதிலில் அவருக்கு என்ன பிடித்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவருடைய ஆராய்ச்சி என்னவென்றால், ஒரு கட்டடத்தைச் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்கிறார்கள். கூரையில் சூரியப் பலகை, சுட்ட செங்கல்லுக்குப் பதிலாக அனல் மின்நிலையத்துச் சாம்பலில் செய்த கல், மழைநீர்த் தொட்டி எல்லாம் வைக்கிறார்கள். சரி, அந்தச் சூரியப் பலகையைத் தாங்க எத்தனை கம்பி, எத்தனை சிமெண்டு கூடுதலாகப் போகிறது? தொட்டி கட்ட எத்தனை லோடு மணல்? சேமிப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், அதற்காகக் கொட்டுவது எவ்வளவு என்று யாரும் பார்க்கவில்லை. பில்லைப் பார்த்துச் சொல்லக் கூடாது, நேரில் நின்று எடை போட்டுச் சொல்ல வேண்டும் என்றார். எனக்குக் கொடுத்த கட்டடம், கிருஷ்ணகிரி போகும் நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு கம்பெனி தன் ஆட்களுக்குப் பயிற்சி கொடுப்பதற்காகக் கட்டிக்கொண்டிருந்த இரண்டு மாடிக் கட்டடம்.

அங்கே ராஜ்ஜியம் நடத்தியவர் மேஸ்திரி. ஓசூருக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர். கொத்தனார்களிடம் தெலுங்கு பேசுவார், போனில் மனைவியிடம் கன்னடம் பேசுவார், திட்ட வேண்டியவர்களைத் தமிழில் திட்டுவார். அது அந்த மொழிக்குப் பெருமையா சிறுமையா என்று நான் ஆராயவில்லை. முதல் நாள் நான் போய் விஷயத்தைச் சொன்னதும் அவர் பொறுமையாகக் கேட்டார்.

"கட்டடத்தை எடை போடணும். அதான மேடம்?"

"ஆமா."

"கட்டி முடிச்சப்பறம் தூக்க முடியாதே."

"அதான் கட்டும்போதே போடப் போறேன்."

"போடுங்க. ஆனா வேலை நிக்கக் கூடாது. கலவை காஞ்சிடும்."

நான் கொண்டுபோயிருந்தது ஓர் எடை மெஷின். வீட்டில் குளியலறை ஓரமாக வைத்து, காலையில் ஏறி நின்று கவலைப்படுவார்களே, அதே வகை. நிறுவனத்தில் அதைத்தான் கொடுத்தார்கள். அதைத் தரையில் வைத்ததும் வேலை நின்றுவிட்டது. கொத்தனார், கம்பி கட்டுகிறவர், சித்தாள், வாட்ச்மேன் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். அதுவரை அவர்களில் பலர் தங்கள் எடையைப் பார்த்ததில்லை. மேஸ்திரி வரிசையைக் கலைக்க வந்து, வந்த வேகத்தில் தானும் ஏறி நின்று, முள் காட்டியதைப் பார்த்து, "மெஷினு சரியில்ல" என்று இறங்கிப் போனார்.

வரிசையில் கடைசியாக வந்தது ஒரு சித்தாள் பெண். ஊத்தங்கரைப் பக்கம் ஒரு கிராமம். அங்கே மழை ஏமாற்றியதும் புருஷனோடு இங்கே வந்துவிட்டவள். புருஷன் அதே கட்டடத்தில் கம்பி கட்டினான். அவளுக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். சித்தாள் பெண்கள் எல்லோரையும் போல, சேலைக்கு மேல் புருஷனுடைய முழுக்கைச் சட்டையைப் போட்டிருந்தாள்.

"எங்கள எதுக்கு மேடம் எடை போடறீங்க? ரேஷன்ல அரிசி சேத்துக் குடுப்பாங்களா?"

"ஏ பிள்ள, உன்னைய இல்ல, உன் தலையில இருக்கிற சட்டியத்தான் எடை போடணும். நீ என்ன செய்யுத?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பக்கத்தில் நின்றவளிடம் "செய்யுதயாம்" என்று சொல்லி மறுபடியும் சிரித்தாள். என் திருநெல்வேலித் தமிழ் அந்தக் கட்டடத்தில் ஒரு வாரத்துக்கு ஓடியது. கொத்தனார்கள்கூட "கலவை வருதா"வுக்குப் பதில் "கலவை வருதுல்லா" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

கலவைச் சட்டியை எடை போடுவதில் ஒரு சிக்கல் இருந்தது. சட்டியை மெஷின் மேல் வைத்தால் முள் அதற்கு அடியில் மறைந்துவிடும். மேலும் சட்டியை ஒரு தடவை கீழே இறக்கினாலே மேஸ்திரிக்கு உயிர் போய்விடும். அதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். முதலில் அந்தப் பெண்ணை வெறுமனே ஏற்றி எடை பார்ப்பது. பிறகு தலையில் சட்டியோடு போகிற வழியில் மெஷின் மேல் ஒரு நொடி நிற்கச் சொல்வது. இரண்டையும் கழித்தால் சட்டியின் எடை. அன்றைக்கு அவள் நாற்பத்து மூன்று கிலோ. சட்டியோடு ஐம்பத்து ஒன்பது. ஆகவே கலவையும் சட்டியும் பதினாறு. எனக்கு என் மூளையை நினைத்து ஒரு கர்வம். அன்று பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, சும்மாவே சிரித்துக்கொண்டு வந்தேன்.

நாற்பத்து மூன்று என்பதை நோட்டின் அட்டையில் பெரிதாக எழுதி வைத்தேன். மற்ற சித்தாட்கள் மெஷின் மேல் நிற்கக் கூச்சப்பட்டார்கள். அவள் மட்டும் சலிக்காமல் நின்றாள். அதனால் வாரத்துக்கு ஐந்தாறு தடவை அவளை நிறுத்தி எடை பார்ப்பேன். நான் இருக்கும் நேரத்தில் எத்தனை சட்டி மேலே போகிறது என்று கோடு போட்டு எண்ணுவேன். பெருக்கிப் போட்டால் கணக்கு வந்துவிடும். ஒருமுறை அவளை வெறும் ஆளாக மறுபடியும் எடை போடக் கூப்பிட்டேன். "ஒரு தடவ பாத்தாச்சி இல்ல மேடம், போதும்" என்று போய்விட்டாள். நானும் விட்டுவிட்டேன். இருபது வயதுக்கு மேல் யாரும் வளர்வதில்லை என்று எனக்கு ஓர் எண்ணம்.

இப்படியே நாலு மாதம் போனது. மாதம் ஒருமுறை நான் பெங்களூர் போய் நோட்டைக் கொடுப்பேன். நடுவில் ஏதாவது சந்தேகம் என்றால் பேராசிரியை ஈ-மெயில் அனுப்புவார். நான் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருந்த பிரவுசிங் சென்டரில் போய்ப் படிப்பேன். ஒரு நாள் வந்த மெயிலில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. கம்பெனியின் வாசல் பதிவேட்டில் உள்ள சிமெண்டையும் மணலையும் என் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். வாசல் வழியாக உள்ளே வந்ததைவிட, கட்டடத்துக்குள் நிறையப் பொருள் இருக்கிறதே, மீதி எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தார்.

அந்தக் கேள்வியை மூன்று முறை படித்தேன். பொருள் குறைந்திருந்தால் யாரோ எடுத்துப் போனார்கள் என்று சொல்லலாம். கூடியிருக்கிறது என்றால் யாரோ சொந்தக் காசில் மணல் வாங்கி வந்து ரகசியமாகக் கம்பெனிக் கட்டடத்தில் பூசியிருக்க வேண்டும். மேஸ்திரியின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். அப்படிப்பட்ட முகமாகத் தெரியவில்லை.

நோட்டைத் திருப்பிப் பார்த்தால் காரணம் கண்ணுக்கு முன்னால் இருந்தது. ஆரம்பத்தில் பதினாறு கிலோ இருந்த சட்டி அடுத்த மாதம் பதினேழு, பிறகு பதினெட்டு, இப்போது பத்தொன்பது. கலவை மாதாமாதம் கனத்துக்கொண்டே போயிருக்கிறது.

முதலில் மெஷினைச் சந்தேகப்பட்டேன். பிரிக்காத சிமெண்டு மூட்டை ஒன்றை அதன் மேல் நிற்க வைத்தோம். ஐம்பது என்று சரியாகக் காட்டியது. அடுத்து மணலைச் சந்தேகப்பட்டேன். மழைக்காலம், ஈர மணல் கனக்கும். ஒரு தகரத்தில் மணலைப் பரப்பி வெயிலில் காய வைத்தேன். ஒரு நாய் வந்து அதன் மேல் படுத்துக்கொண்டது. அது எழுந்து போன பிறகு எடை பார்த்ததில், பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. பிறகு கலவை போடுகிறவரைச் சந்தேகப்பட்டேன். அவர் வாணியம்பாடிக்காரர், அதிகம் பேசாதவர்.

"அண்ணே, முன்னைவிடச் சட்டியில நெறயப் போடுதீங்களா?"

அவர் மம்பட்டியை நிறுத்தி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "கொறச்சிப் போடறன்னு யாராச்சும் சொன்னாங்களா?"

"இல்ல, கூடப் போடுதீங்களான்னு கேக்கேன்."

"அப்டின்னா சரி" என்று மறுபடியும் கலவையை வெட்டத் தொடங்கினார். அந்தப் பதிலை அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

அடுத்த முறை போகும்போது, எங்கள் தெருமுனைப் பழைய இரும்புக் கடையில் கெஞ்சி ஒரு தொங்கு தராசு இரவல் வாங்கிக்கொண்டு போனேன். கொக்கியில் மாட்டித் தூக்கினால் எடை சொல்லும். மேஸ்திரி டீ குடிக்கப் போகும் வரை காத்திருந்தேன். அந்தப் பெண் சட்டியோடு வந்தாள். வழக்கம்போல மெஷின் மேல் நிறுத்தினேன். அறுபத்து இரண்டு. கழித்தால் பத்தொன்பது. உடனே சட்டியை இறக்கி, கயிறு கட்டித் தராசில் தொங்கவிட்டேன். பத்தொன்பதைவிட ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கும் என்று எதிர்பார்த்தேன்.

பன்னிரண்டு.

தராசைத் தட்டினேன். மறுபடியும் பன்னிரண்டு. அடுத்து வந்த சித்தாளின் சட்டியைப் பிடுங்கித் தொங்கவிட்டேன். பதினாறு. அதற்கடுத்தவளுடையதும் பதினாறு. கூடிக்கொண்டே போகிறது என்று நான் எழுதி வைத்த சட்டிதான் அந்தக் கட்டடத்திலேயே குறைந்த எடையுள்ள சட்டி.

வெயிலில் நின்று விரல் விட்டுக் கணக்குப் போட்டேன். அறுபத்து இரண்டில் பன்னிரண்டு போனால் ஐம்பது. நோட்டு அட்டையில் நாற்பத்து மூன்று. அந்த ஏழு கிலோ சட்டியில் இல்லை. நான் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தேன். அவள் சட்டையின் கீழ்ப் பொத்தானைப் பிடித்து இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

நானும் ஒரு பிள்ளை பெற்றவள். நாலு மாதமாக வாரத்துக்கு ஐந்தாறு தடவை அவளை ஒரு கை தூரத்தில் நிறுத்திப் பார்த்திருக்கிறேன். ஆனால் நான் பார்த்ததெல்லாம் அவள் காலடியில் இருந்த முள்ளை மட்டும்தான்.

அவளைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். "எத்தனை மாசம்?"

"ஆறு முடியப் போவுதுங்க."

"இதோட சட்டி தூக்குதியே, ஏ பிள்ள, உனக்குக் கூறு இல்லையா?"

"ஊருல எங்கம்மா எட்டு மாசம் வரைக்கும் களை எடுத்திச்சி" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "மேஸ்திரிகிட்ட சொல்லிடாதீங்க மேடம். நிப்பாட்டிட்டாருன்னா சும்மா அந்தத் தகரக் கொட்டாயிலதான் ஒக்காந்திருக்கணும். பகல்ல உள்ள நிக்கவே முடியாது, அவ்ளோ சூடு. இங்கன்னா நாலு பேரோட பேசிக்கிட்டாவது இருக்கலாம்."

எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. அடுத்த நொடி அது என் மேலேயே திரும்பியது. ஆறு மாதக் கர்ப்பிணியை, தலையில் சுமையோடு, ஆடுகிற ஒரு மெஷின் மேல் வாராவாரம் ஏற்றி இறக்கியது மேஸ்திரி இல்லை. சொல்ல மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு நேராக மேஸ்திரியிடம் போனேன். வாக்கைக் காப்பாற்றும் எண்ணம் எனக்கு ஒரு பத்து அடி வரைக்கும் இருந்தது.

அவர் டீ கிளாஸோடு சாரத்தில் சாய்ந்து நின்றிருந்தார். நான் சுற்றி வளைத்து, மேடு பள்ளம் எல்லாம் காட்டி, மெதுவாக விஷயத்துக்கு வந்தேன். அவர் கடைசி வாய் டீயைக் குடித்துவிட்டு, "இப்பத்தான் தெரியுமா மேடம்?" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும். வாட்ச்மேனுக்குத் தெரியும். ஜல்லி லாரி டிரைவருக்குத் தெரியும். உங்களுக்கும் உங்க மெஷினுக்கும்தான் தெரியல."

"அப்ப ஏன் நிறுத்தலை?"

"நான் நிறுத்தினா அது வேற சைட்டுக்குப் போவும். அங்க தெரியாது, முழுச் சட்டி ஏத்துவான். இங்கன்னா அரைச் சட்டி, முக்காச் சட்டி போடச் சொல்லியிருக்கன். படி ஏற வேணாம், கீழ் தளத்துல மட்டும்னு சொல்லியிருக்கன். அது மனசு கஷ்டப்படும்னு யாரும் வாயத் திறக்கல." கிளாஸைக் கவிழ்த்து மீதியைக் கொட்டினார். "அது எங்களுக்குத் தெரியாதுன்னு நினைச்சிட்டிருக்கு. நாங்க அப்படியே விட்டுட்டம்."

கலவை போடுகிறவர் ஏன் என்னை அப்படிப் பார்த்தார் என்று அப்போதுதான் புரிந்தது. அவள் கனக்கக் கனக்க, மொத்தக் கட்டடமும் சேர்ந்து அவள் சட்டியை இளைக்க வைத்துக்கொண்டு வந்திருக்கிறது. ஆராய்ச்சிக்கு வந்த ஆள் மட்டும் அவளுடைய பிள்ளையைச் சிமெண்டு என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலையே பேராசிரியைக்கு மெயில் எழுத உட்கார்ந்தேன். ஆங்கிலத்தில் இதை எப்படிக் கௌரவமாகச் சொல்வது என்று அரை மணி நேரம் யோசித்தேன். பிரவுசிங் சென்டர்காரர் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்தார். முடிவில், அளவுகோலாகப் பயன்பட்டவர் கர்ப்பமாக இருப்பதால் கணக்கில் பிழை வந்துவிட்டது, மன்னிக்கவும் என்று எழுதினேன். கூடவே ஒன்று கேட்டேன். என் வேலைக் கடிதத்தில், தேவைப்பட்டால் களத்தில் ஓர் உதவியாளரை வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி இருந்தது. நான் அதைத் தொட்டதே இல்லை. இப்போது வைத்துக்கொள்ளட்டுமா?

மறுநாள் பதில் வந்தது. வைத்துக்கொள், உட்கார நாற்காலி கொடு, பழைய கணக்கை எல்லாம் பதினாறு என்று திருத்து. அவ்வளவுதான்.

அவளிடம் போய், "நாளையிலிருந்து நீ சட்டி தூக்க வேணாம். எடை பாத்து எழுதணும், உக்காந்துகிட்டே" என்றேன். அவள் சந்தேகமாகப் பார்த்தாள்.

"மேஸ்திரிகிட்ட சொல்லிட்டீங்களா?"

"அவருக்கு முன்னாலயே தெரியுமாம்."

அவள் முகம் சிவந்துபோனது. திரும்பி எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். கொத்தனார்கள் திடீரென்று சுவரில் ரொம்ப மும்முரமானார்கள். கலவை போடுகிறவர் மணலைப் பார்த்துச் சிரித்தார். "எல்லாம் திருட்டுப் பசங்க" என்று முணுமுணுத்துவிட்டு, "எனக்கு எழுதத் தெரியும் மேடம். ஒம்பதாவது பாஸு" என்றாள்.

அவள் எப்படிப்பட்ட உதவியாளர் என்பது இரண்டே வாரத்தில் தெரிந்துவிட்டது. நான் அரை நாள், வாரத்துக்கு மூன்று நாள். அவள் காலை முதல் மாலை வரை நாற்காலியோடு கூடவே இருந்தாள். அவளைத் தாண்டி ஒரு கல் உள்ளே போக முடியாது. உடைந்த சாம்பல் கல்லைக் கொத்தனார் ஓரமாக வீசினால், "அண்ணா, அது எத்தன கிலோ? எடுத்தாந்து வச்சிட்டுப் போ" என்பாள். ஒருநாள் மேஸ்திரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மேடம், அந்தப் பொண்ண மறுபடி சட்டி தூக்க வச்சிருங்க. எங்களால நிம்மதியா ஒரு கல்லு உடைக்க முடியல."

பர்கூரிலிருந்து கிரானைட் துண்டுகள் வந்தபோது அவளுடைய ஆட்சி உச்சத்துக்குப் போனது. பட்டறைகளில் வெட்டிய மிச்சம், ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது. ஒன்று முக்கோணம், ஒன்று நாக்கு மாதிரி, ஒன்று இலங்கை வரைபடம் மாதிரி. அதை வைத்துத் தரை போட்டால், வீணாகப் போவது வேலைக்கு ஆகிறது என்பது கம்பெனியின் யோசனை. லாரி டிரைவர் இறக்கும்போது சொன்னார்: "போன வருசம் வரைக்கும் இத ரோட்டோரமாக் கொட்டிட்டுத் திட்டு வாங்கிட்டு இருந்தம். இப்ப இதுக்குச் சீட்டு, பதிவு, எடையெல்லாம்."

எடை போட்ட கல்லையே மறுபடி எடை போட்டுவிடக் கூடாது என்று அவள் ஒவ்வொரு கல் மேலும் அதன் எடையை எழுதி வைத்தாள். சாக்குக்கட்டியால் எழுதினால் அழிந்துவிடுகிறது என்று, கம்பி கட்டும் புருஷனிடம் இருந்த சிவப்புப் பெயிண்டை வாங்கி எழுதினாள். இது எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். அதற்குள் முன் கூடத்தில் பாதித் தரை போட்டாகிவிட்டது. எழுத்து இருந்த பக்கம் மேலே.

அன்றைக்குப் பார்த்துக் கம்பெனி அதிகாரி ஒருவர் வந்தார். வாசலில் நின்று தரையைப் பார்த்தார். ஆறு, நாலரை, ஒன்பது, ஆறே கால் என்று கூடம் முழுக்கச் சிவப்பு எண்கள்.

"என்ன மேஸ்திரி இது?"

மேஸ்திரி ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "டிசைனு சார்."

அதிகாரி குனிந்து பார்த்தார். பிறகு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா கொஞ்சம் பளிச்சுனு இருக்கு" என்றார். அவர் கார் கேட்டைத் தாண்டியதும் நாலு பேர் தின்னர் பாட்டிலோடு தரையில் உட்கார்ந்தார்கள். எழுதியவள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "அந்த ஒம்பதுல இன்னும் வால் தெரியுது பாருங்க" என்று மேற்பார்வை பார்த்தாள்.

பேராசிரியை ஒருமுறை நேரில் வந்தார். தொப்பி போட்டுக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி வந்துவிட்டு, அவள் நோட்டை வாங்கி, நின்றபடியே பக்கம் பக்கமாகப் படித்தார். அவள் மெதுவாக எழுந்து நின்றாள்.

"நீதானா அந்த ஏழு கிலோ?" என்றார் பேராசிரியை.

"மெஷினு சரியாத்தாங்க சொல்லிச்சு. இவங்கதான் பழசையே கழிச்சிக்கிட்டு இருந்தாங்க" என்று என்னைக் காட்டினாள்.

பேராசிரியை அன்றுதான் முதல் தடவையாக என் முன்னால் சிரித்தார். அவள் தோளில் கை வைத்து உட்கார வைத்தார்.

எட்டாம் மாதம் முடியும்போது அவள் ஊத்தங்கரைக்குக் கிளம்பினாள். கட்டடத்தில் வளைகாப்பு என்று தனியாக ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அன்று மதியம் யாரோ ஆறு வகைச் சாப்பாடு கொண்டுவந்தார்கள், யாரோ ஒரு டஜன் கண்ணாடி வளையல் கொண்டுவந்தார்கள். நான் வீட்டிலிருந்து தாளித்த எலுமிச்சைச் சாதம் கொண்டுபோயிருந்தேன். வளையலை முதலில் யார் போடுவது என்று தயங்கி நின்றபோது, கலவை போடுகிறவரின் மனைவி, ஏழெட்டுப் பெற்றவள், முன்னால் வந்து போட்டாள். மேஸ்திரி கன்னடத்தில் ஏதோ வாழ்த்தினார். நோட்டை என்னிடம் ஒப்படைக்கும்போது அவள் கடைசிப் பக்கத்தை எனக்குத் திறந்து காட்டி, "ரெண்டு மூட்டை சிமெண்டு கட்டியாயிடுச்சி, அத வீணாப்போன கணக்குல எழுதியிருக்கன். மறந்துடாதீங்க" என்றாள்.

பெண் குழந்தை பிறந்தது. அவள் புருஷன் வந்து சொன்னான்.

ஆராய்ச்சி அறிக்கை அடுத்த வருடம் அச்சாகி வந்தது. முழுக்க அட்டவணைகள். சூரியப் பலகையைத் தாங்கப் போட்ட கம்பி, தொட்டிக்குப் போன மணல், பர்கூர்க் கல்லால் மிச்சமான புதுக் கல் எல்லாம் வரிசையாக இருந்தன. நாங்கள் நினைத்ததைவிடச் சில இடங்களில் நன்றாகவும், சில இடங்களில் மோசமாகவும் வந்திருந்தது. ஆட்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை, ஒரே ஓர் அடிக்குறிப்பைத் தவிர. முதல் நாலு மாதக் கணக்கு, சுமப்பவரின் உடல் எடை மாறியதால் திருத்தப்பட்டது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். நான் அந்தப் பக்கத்தைக் கணவரிடம் காட்டினேன். அவர் ஷிப்டு முடிந்து வந்த களைப்பில், "இதுல என்ன இருக்கு?" என்று கேட்டார். உட்கார வைத்து முதலிலிருந்து சொன்னேன். சாப்பாடு ஆறிப்போயிற்று.

அவள் ஒன்றரை வருடம் கழித்துத் திரும்பி வந்தாள், அதே மேஸ்திரியின் வேறு ஒரு கட்டடத்துக்கு. சட்டி தூக்க மாட்டேன், ஸ்டோர் பார்க்கிற வேலை கொடுத்தால்தான் வருவேன் என்று போனிலேயே சொல்லிவிட்டாளாம். மேஸ்திரி என்னைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது நிறுத்திப் புலம்பினார். "உங்களாலதான் மேடம். ஒரு ஆணி கேட்டாலும் கையெழுத்துக் கேக்குது."

"குடுத்துட்டீங்களா வேலைய?"

"குடுக்காம? வேற யாருக்கு இவ்ளோ ஒழுங்கா எழுதத் தெரியுது?" என்றவர், வந்த கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறப் போனார். படியில் கால் வைத்தவர் திரும்பி, குழந்தை இப்போது ஸ்டோர் ரூமில் மணல் மூட்டை மேல் ஏறி விளையாடுகிறது என்றும், தான் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.